பழைய புல்லட்டை ட்ரையல்ஸ் ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி? கடலோர ஊர்க்காரர்களுக்கான செய்முறை

ட்ரையல்ஸ் வேகப் போட்டி அன்று. பாறை, ஓடை, சேறு, செங்குத்தான ஏற்றம் ஆகியவை அடங்கிய, எல்லை குறிக்கப்பட்ட பகுதியைக் கால் ஊன்றாமல் கடப்பதே அதன் இலக்கு. ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு தண்டப் புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ ஐந்து. யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். ஆகவே இதற்குரிய வண்டியை, நடந்து செல்பவரின் வேகத்தில் இன்ஜின் திணறாமல் சுழல்கிறதா, கைப்பிடியை நூலளவு திருப்பினால் நூலளவு மட்டுமே பதில் சொல்கிறதா என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த மெதுவோட்டத்தை மனத்தில் வைத்துச் செய்யும் வேலைகள்.

புல்லட்டை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு. புல்லட்டின் முன்மாதிரி 1948இல் பிரிட்டனின் ட்ரையல்ஸ் களத்தில்தான் முதலில் தலைகாட்டியது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கங்களும் பெற்றது. 1909 முதல் நடந்துவரும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை ஜானி பிரிட்டன் 1952லும் 1957லும் ராயல் என்ஃபீல்டில் வென்றார். பிறகு 1965இல் சாமி மில்லர் அதே போட்டியை ஸ்பெயின் நாட்டு புல்டாகோவில் வென்றார். எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அத்துடன் தொடங்கியது. புல்டாகோ, மான்டேசா, ஓசா போன்றவை நம் ஊர்ச் சந்தைக்கு வந்தவை அல்ல. சென்னையில் 1955 முதல் உருவான புல்லட்டோ புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளின் ஓரத்தில் இன்றும் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. எடை 160 கிலோவுக்கு மேல் என்பது பெரிய குறைதான். ஆனால் கனமான ஃப்ளைவீலும், பிஸ்டன் ஏறி இறங்கும் 90 மில்லிமீட்டர் நீள ஸ்ட்ரோக்கும், குறைந்த அழுத்த விகிதமும் மெதுவோட்டத்துக்கென்றே அமைந்தவை போன்றவை.

இந்த விளக்கம் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாகம்) வைத்த, நான்கு கியர் கொண்ட, வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) உள்ள 350 புல்லட்டுக்கு உரியது. ஸ்பேனர் பிடிக்கவும், பேட்டரி இணைப்பைக் கழற்றவும், கார்புரேட்டரை இறக்கி ஏற்றவும் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடை செய்கிறது. அதோடு, 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் வகையில் பதிவு செய்ய விரும்பினால், அதன் சேசிஸும் இன்ஜினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும். எனவே ஃப்ரேமை அறுப்பது, பின்பகுதியைச் சுருக்குவது போன்ற வேலைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். டயர், ஹேண்டில்பார், ஸ்ப்ராக்கெட் என்று, வேண்டும்போது பழையபடி மாற்றிக்கொள்ளக் கூடியவற்றை மட்டும் தொடுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கருவிகளில் மூன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பழைய புல்லட்டின் நட்டுகள் பல விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவில் இருப்பதால், அந்த அளவு ரிங் ஸ்பேனர் ஒரு செட் வேண்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் கொண்டு திருகினால் நட்டின் முனை மழுங்கும். இரண்டாவது, சுத்தியால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர். மூன்றாவது, நுண்ணிய இடைவெளியை அளக்கும் நல்ல ஃபீலர் கேஜ். துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகளுக்கு விலை உயர்ந்த ஸ்ப்ரேயைவிட, ஓர் இரவு டீசலில் நனைத்துவைத்து மறுநாள் சூடு காட்டித் திருகுவதையே நான் நம்புகிறேன். கடலோரத்தில் அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது பார்வைக்கு அழகாக இருக்கும்; ஆனால் உப்புக் காற்றில் அந்த இரண்டு உலோகங்களும் சேருமிடத்தில் அலுமினியமே அரிபடும். துத்தநாகப் பூச்சுப் போல்ட்டில் சிறிது காப்பர் கிரீஸ் தடவி மாட்டுவதே நீடிக்கும்.

டேங்கும் கார்புரேட்டரும்

டேங்கின் உட்புறத் துருவுக்குச் சிட்ரிக் அமிலம் போதும். லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை (காக்) கழற்றி அந்தத் துளையை அடைத்துவிட்டு, டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, நல்ல தண்ணீரில் மீண்டும் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிது ஊற்றிச் சுற்றிச் சுழற்ற வேண்டும். 'உடனே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றில் அமிலம் தின்ற வெற்று இரும்பு ஒரு மணி நேரத்திலேயே மறுபடி பழுப்பேறும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும். ஆகவே பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டரில் மெதுவோட்டத்தை ஆள்வது பைலட் ஜெட். அதன் துளை தலைமுடி அளவே இருக்கும் என்பதால் ஊசியால் குத்தக் கூடாது. மின்வயரின் உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்றை நுழைத்து எடுத்து, பஞ்சர் கடையில் காற்று அடித்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து வையுங்கள். நுண்ணிய சரிசெய்தலை இன்ஜின் சூடான பிறகே செய்ய வேண்டும். கைப்பிடியைத் திருப்பும்போது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து தளர்ந்திருந்தால், ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் ஐடில் (கைப்பிடியைத் திருப்பாதபோது இன்ஜின் மெதுவாகச் சுழலும் நிலை) நிலைக்காது. அப்போது ஸ்லைடை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பாயிண்டும் டைமிங்கும்: அவசரப்படக் கூடாத இடம்

கார்புரேட்டரைக் குறை சொல்லிக் கொண்டுவரப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையான கோளாறு பாயிண்ட் தட்டுக்கு அடியில் இருக்கும். அங்கே இரண்டு சிறிய எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் கொண்ட ஆட்டோ அட்வான்ஸ் அமைப்பு உள்ளது. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது பிஸ்டன் உச்சியை நெருங்கிய பிறகே தீப்பொறி வர வேண்டும். வேகம் ஏற ஏற, எடைகள் விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமைத் திருப்பி, தீப்பொறியை முந்தவைக்கும். உப்புக் காற்றில் நாள்பட நின்ற வண்டியில் இந்த எடைகள் விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அப்போது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஐடில் தாறுமாறாகும், சாலையில் ஓட்டும்போது மட்டும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சாலையில் ஓடுவதைப் பார்த்து அந்த வண்டியைக் குணமானதாக எண்ணிவிடுகிறோம். ட்ரையல்ஸில் முதல் ஏற்றத்திலேயே அது நின்றுவிடுகிறது.

சோதனை எளிது. மூடியைக் கழற்றி, கேமை விரலால் பிடித்து அது நகரும் திசையில் திருப்பி விடுங்கள்; 'டக்' என்று தானே திரும்பி வர வேண்டும். மெதுவாக ஊர்ந்து வந்தாலோ பாதியில் நின்றாலோ, முழு அமைப்பையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுழலும் தண்டை ஆயிரம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஒரே ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டுங்கள். கிரீஸ் வேண்டாம். சூட்டில் உருகி அது பாயிண்டின் முகத்தில் படிந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்து தொங்கினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்து வருவது வரிசை. முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரம். இடைவெளி அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், தீப்பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். ஆகவே டைமிங் வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். கேம் பாயிண்டை முழுதாகத் திறக்கும் நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை வையுங்கள். பாயிண்டின் முகத்தில் உப்புப் பூத்திருந்தால், வழவழப்பில்லாத தடித்த அட்டை ஒன்றை இடையில் செருகி இழுத்தாலே சுத்தமாகும்.

இனி பிளக்கைக் கழற்றி, நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றுங்கள். பிஸ்டனை நூலளவாக நகர்த்த இதைவிட நல்ல வழி இல்லை. கிக்கரால் இந்த நிதானம் வராது. டேப்பெட் மூடியைத் திறந்து பாருங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ்ராடுகளும் விரலில் தடையின்றிச் சுழன்றால் அதுவே அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சி. இன்ஜின் குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டேப்பெட் சரிசெய்தலையும் அங்கேயே முடித்துவிடலாம்.

உச்சியைக் கண்டபின் சக்கரத்தைச் சற்று அதிகமாகவே பின்னோக்கிச் சுழற்றி, மறுபடி முன்னோக்கி வந்து, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாக நிறுத்த வேண்டும். பல் சக்கரங்களின் தளர்வு ஒரே பக்கம் நிற்க இப்படி முன்னோக்கி வந்தே நிறுத்த வேண்டும். அளக்க டயல் கேஜ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிளக் துளையில் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு உச்சியைக் குறித்துக்கொள்ளலாம். துளை சாய்வாக இருப்பதால் அந்த அளவு தோராயமானதுதான். இப்போது எடைகள் மூடிய நிலையில், பாயிண்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்க வேண்டும். அம்மீட்டர் முள் துள்ளுவதைப் பார்த்து டைமிங் வைப்பது பழைய வழக்கம். பழைய அம்மீட்டர்களை நான் நம்புவதில்லை. பேட்டரிக்கு ஏற்ற சிறிய பல்ப் ஒன்றின் ஒரு வயரைப் பாயிண்ட் முனையிலும் மற்றதை இன்ஜின் உடலிலும் கொடுத்துச் சாவியைத் திருப்பினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்ப் அணைந்திருக்கும், திறந்த கணத்தில் எரியும். எரியும் கணம் தவறினால், பாயிண்ட் தட்டின் திருகுகளைத் தளர்த்தித் தட்டைச் சற்றே திருப்புங்கள். கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் தீப்பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை வெகுநேரம் போட்டுவைத்தால் இக்னிஷன் காயில் சூடாகிக் கெடும் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் பாயிண்ட் இடையே பெரிய நீலப் பொறி தெரிந்தால், அந்தப் பொறியை அடக்க வேண்டிய கன்டென்சர் போய்விட்டது என்று பொருள்.

கிளட்ச், சக்கரம், ஸ்டீயரிங்

கிளட்சில் மூன்று ஸ்பிரிங் திருகுகள் உள்ளன. லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாகச் சுழற்றி, அழுத்தத் தட்டு ஒரு பக்கம் சாயாமல் நேராக விலகுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் அந்தந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருத்துங்கள். தட்டு சாய்ந்து விலகும் வண்டியில் கிளட்சைப் பாதியாகப் பிடித்து நிதானமாக ஏற முடியாது.

வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதே மலிவான வழி. டயரைப் பொறுத்தவரை, 19 அங்குலச் சக்கரத்தையே வைத்துக்கொண்டு கட்டை கட்டையான பட்டன் டயர் போட்டால் கடலூர் கேப்பர் மலையின் செம்மண் சரிவுகளுக்குப் போதும். ட்யூப் உள்ள டயரில் காற்றை 10 முதல் 12 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்காதீர்கள். அதற்கும் குறைந்தால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் பழைய அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும் என்பதால், பம்ப் ஒன்று உடனிருக்கட்டும்.

ஸ்டீயரிங் தலையில் தனித்தனிக் குண்டுகள் இருக்கும். கழற்றும்போது அடியில் துணி விரித்து, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். குண்டுகள் உருளும் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்தால் ஹேண்டில் நடுநிலையில் சிக்கும். ஊர்ந்து செல்லும்போது அந்தச் சிக்கலே கால் ஊன்றவைக்கும்.

பராமரிப்பு

சவுக்குத் தோப்பிலோ கடற்கரையோரத்திலோ ஓட்டிவந்த வண்டியைப் பலர் வீட்டு போர்வெல் தண்ணீரில் கழுவுகிறார்கள். கடலோரத் தெருக்களில் அந்த நீரே உவர்ப்பாக இருப்பதால், கழுவக் கழுவத் துரு கூடுகிறது. மழைநீரையோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ ஒரு வாளி எடுத்துக் கடைசியாக அலசி, இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு உலர்த்தி, செயினுக்கு ஆயில் விடுங்கள். நீண்ட நாள் நின்ற புல்லட்டில் ஆயில் மெதுவாக வடிந்து கிராங்க் பகுதியில் தேங்கியிருக்கலாம். முதல் கிக்குக்கு முன் அடி பிளக்கைத் திறந்து அதை வடித்துவிடுவது நல்லது.

பிற்சேர்க்கை: வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததையும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் ஒட்டி, மூழ்கிய வண்டிகளைப் பற்றி வாசகர்கள் கேட்டார்கள். முதல் விதி, கிக்கரைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, பின்சக்கரத்தைச் சுழற்றி நீரை வெளியேற்றி, பிளக் துளை வழியாகச் சிறிது ஆயில் விடுங்கள். பிறகு இன்ஜின், கிளட்ச் பெட்டி, கியர்பாக்ஸ் மூன்றின் ஆயிலையும் வடியுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் நீர் கலந்திருக்கிறது; மலிவான புது ஆயில் ஊற்றிச் சற்று நேரம் ஓட்டி மறுபடி வடித்து, நிறம் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கார்புரேட்டர், டேங்க், ஏர் ஃபில்டர், பாயிண்ட் பெட்டி ஆகியவற்றைத் திறக்காமல் விடக் கூடாது. பெரும்பாலானோர் மறப்பது பிரேக் டிரம்களையும் சக்கர பேரிங்குகளையும். வண்டல் உள்ளே தங்கிவிட்டால் ஷூவும் டிரம்மும் சேர்ந்தே தேயும், ஆகையால் இரண்டு சக்கரங்களையும் கழற்றிக் கழுவி, பேரிங்குக்குப் புது கிரீஸ் நிரப்பிய பிறகே வண்டியைத் தெருவுக்கு எடுங்கள்.