பயோடெக்கில் நுழைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து ஊரான வெருலத்திலிருந்து என்னிடம் வரும் ஒரு பெண், எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, "அக்கா, மாநாட்டுக்குப் போஸ்டர் ரெடி, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். அழகான போஸ்டர். எந்த நுண்ணுயிர், எந்த வெப்பநிலை, எந்தக் காரத்தன்மையில் என்சைம் அதிகம் வேலை செய்கிறது, எப்படிப் பிரித்தெடுத்தாள் என்று எல்லாமே அதில் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் இதே மாதிரி ஒரு போஸ்டரை நானும் ஒரு காலத்தில் ஒட்டியிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலில் ஆய்வகம், அப்புறம் ஒரு சின்ன நிறுவனம் என்று பதினெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். கையுறை போடுங்கள், குழாயில் பெயர் எழுதுங்கள் என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசரே சொல்லிவிடுவார். யாரும் சொல்லாமல் விடுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பயோடெக் என்றாலே மரபணு மாற்றம் என்று நினைப்பது

உயிருள்ளவற்றைக் கொண்டோ அவற்றிலிருந்து எடுத்தவற்றைக் கொண்டோ நமக்கு வேண்டியதைச் செய்துகொள்வது எல்லாமே உயிரித்தொழில்நுட்பம்தான். இட்லி மாவு புளிப்பதும், ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்ற முதல் நாளே கூழைப் புளிக்க வைப்பதும் இதில் சேரும். பயோடெக்னாலஜி என்ற சொல்லை 1919-இல் ஹங்கேரிக்காரர் கார்ல் எரெக்கி பயன்படுத்தியபோது மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தை யாருக்கும் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரபணு மட்டும்தான் பயோடெக் என்று நினைத்து வருகிறவர்கள் நொதிக்க வைப்பது, சுத்திகரிப்பது, தரம் பார்ப்பது, அரசு அனுமதி வாங்குவது போன்ற வேலைகளை மட்டமாகப் பார்க்கிறார்கள். தொழில் நடப்பதே அங்கேதான். நம் வீடுகளில் எத்தனையோ பேர் போட்டுக்கொள்ளும் இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். மனித இன்சுலினை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் உருவாக்கியது 1978-இல், அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1982-இல். இடைப்பட்ட நான்கு வருடமும் பெரிய அளவில் வளர்ப்பது, பாக்டீரியாவின் கழிவு ஒரு துளி இல்லாமல் பிரித்தெடுப்பது, மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிப்பது என்றே போனது.

நெகட்டிவ் கன்ட்ரோல் இல்லாமல் பிசிஆர் போடுவது

பிசிஆர் என்பது துளி டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் முறை. டிஎன்ஏ போடாத குழாய்தான் நெகட்டிவ் கன்ட்ரோல், அதிலும் கோடு தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதையும் தூக்கிப் போடுங்கள். பேச்சே இல்லை.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஊருக்குச் சொல்லிவிடுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

காகிதக் கூழை வெளுக்கக் குளோரின் சேர்மங்களைக் கொட்டுவார்கள். சைலனேஸ் என்ற என்சைமை முன்னதாகப் போட்டால் அந்த ரசாயனத்தைக் குறைக்கலாம். ஆனால் காகித ஆலையில் கூழ் சூடாகவும் காரமாகவும் இருக்கும், சாதாரண என்சைம் அங்கே தாங்காது. நானும் இன்னொருவரும் கரும்புச் சக்கைக் குவியலிலிருந்து பிரித்த ஒரு பாக்டீரியாவின் என்சைம் தாங்கியது. மூன்று வருட வேலை. சந்தோஷத்தில் மாநாட்டில் போஸ்டர் போட்டோம், வந்து கேட்டவர்களுக்கெல்லாம் நின்று விளக்கினோம். சில மாதம் கழித்து ஐரோப்பாவிலிருந்து ஒரு நிறுவனம் ஆர்வம் காட்டியது. அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இதை எங்கேயாவது பொதுவில் காட்டியிருக்கிறீர்களா? மாநாட்டின் சுருக்கத் தொகுப்பு இணையத்தில் கிடந்தது. பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் நிறுவனத்தில் ஒருத்தர்கூட எங்களை முன்னால் எச்சரிக்கவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் உலகின் எந்த மூலையிலும், எழுத்திலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ பொதுமக்களுக்குத் தெரிந்துவிட்டது எதுவும் புதிது ஆகாது. உங்கள் வாயாலேயே சொன்னதும் இதில் சேரும். ஐரோப்பாவிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். அமெரிக்காவில் ஒரு வருடச் சலுகை உண்டு, அதைக் கேள்விப்பட்டுவிட்டுத்தான் இங்கே பல பிள்ளைகள் "அதான் ஒரு வருஷம் இருக்கே" என்கிறார்கள். அந்த ஒரு வருடம் நம் ஊரில் செல்லாது.

பெரிய ஆட்களும் இதில் அடி வாங்கியிருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கே அடித்தளம் போட்டது ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் செய்த டிஎன்ஏ ஒட்டும் முறை. கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பம் போட்டது 1974 நவம்பரில், அமெரிக்கச் சலுகை முடிய சில நாளே இருந்தபோது. அந்தக் காப்புரிமை அமெரிக்காவில் 25 கோடி டாலருக்கு மேல் உரிமத் தொகை ஈட்டியது. ஆனால் கட்டுரை முன்பே வந்துவிட்டதால் வெளிநாடுகளில் உரிமை கிடைக்கவே இல்லை. பிரிட்டனில் அதுவும் இல்லை. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், செய்யும் முறையை வெளியிட்டார்கள். காப்புரிமை எடுக்கப்படவில்லை. 1984-இல் நோபல் பரிசு வந்தது, அந்த முறையின் மேல் எழுந்த மருந்துத் தொழிலில் அடிப்படை உரிமை என்று பிரிட்டனுக்கு எதுவும் இல்லாமல் போனது.

சரி, என்ன செய்யலாம்? அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு என்றால் 2008-ஆம் ஆண்டின் 51-ஆம் எண் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். புதிதாக ஏதோ கிடைத்திருக்கிறது என்று தெரிந்த 90 நாளுக்குள் உங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதுவும் வெளியில் சொல்வதற்கு முன். அவர்கள் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் அந்தத் தேதி உங்களுடையது, முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். அதற்கு மறுநாளே போஸ்டர் ஒட்டுங்கள், கட்டுரை அனுப்புங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். வெளியிடாதே என்று நான் சொல்லவில்லை, வரிசையை மாற்று என்றுதான் சொல்கிறேன்.

ஆய்வேட்டையும் மறக்காதீர்கள். நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறிய நிமிடமே அது வெளியீடு, ஏற்றும் முன் சில காலம் பூட்டி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். வெளியாட்களிடம் பேச வேண்டியிருந்தால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, நம் நாட்டுக் காப்புரிமை அலுவலகம் இதுவரை புதுமையை ஆராய்ந்து பார்க்காமலே பதிவு செய்து வந்திருக்கிறது. அதனால் சான்றிதழ் கையில் வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது, யாராவது வழக்குப் போட்டால் அந்தப் பழைய போஸ்டரை எடுத்து நீட்டுவார்கள்.

அந்தப் பெண்ணின் போஸ்டரில் இப்போது என்சைமின் பெயரும் அது எதற்குப் பயன்படும் என்பதும் மட்டும் இருக்கின்றன. மற்றதெல்லாம் அலுவலகத்துக்குப் போன படிவத்தில் இருக்கிறது.

குடுவையில் நடந்தது தொட்டியிலும் நடக்கும் என்று நம்புவது

ஒரு லிட்டர் குடுவையை அதே வடிவத்தில் 1000 லிட்டராகப் பெரிதாக்கினால் கொள்ளளவு 1000 மடங்கு, வெளிப்பரப்பு 100 மடங்குதான். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் சூட்டை வெளியே விடும் பரப்பு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. நுண்ணுயிர் வளரும்போது சூடு கிளம்பும். டர்பனின் பிப்ரவரியில் குளிர்விக்க விடும் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்போது நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆக்சிஜனும் அப்படித்தான், ஷேக்கரில் ஆடும் குடுவைக்குள் தானாக இறங்கும் காற்றைத் தொட்டியில் அடித்துக் கலக்கித்தான் இறக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை பொங்கும், நொய்ந்த செல்கள் கிழியும். தொட்டியின் நிலைமையை முதலிலேயே கணக்குப் போட்டு, அதே குறைந்த ஆக்சிஜனில் குடுவையில் வளர்த்துப் பாருங்கள். பாதிக் கனவு அங்கேயே உதிரும், செலவில்லாமல்.

எல்லா மாதிரியையும் ஒரே ஃப்ரீசரில் வைப்பது

லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டில் பாடம் படிக்காதவர்களுக்கு இன்னொரு தடவை: ஒரு பிரதி, வேறு கட்டடத்தில், வேறு மின்வழியில்.

செடி யாருடையது, மண் யாருடையது என்று கேட்காமல் இருப்பது

ஹூடியா என்ற கள்ளி போன்ற செடியை இந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க மென்று வந்தார்கள். அதிலிருக்கும் பசியடக்கும் பொருளுக்கு 1990-களின் நடுவில் நம் நாட்டின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, சான் மக்களைக் கேட்காமலே. உரிமம் பைட்டோஃபார்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கும் அங்கிருந்து மருந்து நிறுவனமான ஃபைசருக்கும் போனது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2003-இல்தான் வருமானத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் சான் மக்களோடு கையெழுத்தானது. ஃபைசரும், பின்னால் வந்த யூனிலீவரும் விலகிவிட்டதால் எதிர்பார்த்த பணம் வரவில்லை என்பது வேறு. அவர்களுடைய அறிவு என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது 2004-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு உயிர்வளத்தைத் தொழிலுக்காக ஆராயத் தொடங்கினாலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், வணிகமாக்கும் கட்டத்துக்கு அனுமதியும் பயன் பகிர்வு ஒப்பந்தமும் வேண்டும், காப்புரிமை விண்ணப்பத்திலும் அந்த வளத்தைப் பயன்படுத்தினீர்களா என்று அறிவிக்க வேண்டும். இது செடிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நுண்ணுயிரும் உயிர்தான்.

அந்தப் பெண்ணிடம் உன் பாக்டீரியா எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டோங்காட் பக்கம் மாமாவின் கரும்புத் தோட்டத்தில், சக்கை கொட்டும் இடத்தில் எடுத்தாளாம். என்றைக்கு, எந்த மூலையில், யாரிடம் கேட்டு என்று எதுவும் நோட்டில் இல்லை. அடுத்த ஞாயிறு மாமாவையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், ஃபோனில் இடக்குறிப்பு எடுத்து, ஒரு தாளில் அவருடைய கையெழுத்தும் வாங்கி வந்துவிட்டாள்.