நடப்பவரும் மிதிவண்டியும் ஒரே பாதையில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் பொதுவான பாதையில் மோதல் நேர்ந்தால் வேகத்தையே குற்றம் சொல்கிறோம். வேகமும் காரணம்தான், ஆனால் மணி அடித்துவிட்டால் வழி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் பெரிய தவறு என்பேன்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரே நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறது. மூன்று மீட்டர் நெருங்கிய பிறகு மணி அடித்தால், முன்னால் நடப்பவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தீர்மானிப்பதற்குள் சக்கரம் அவரை எட்டிவிடும். நானும் ஒருமுறை அப்படி அடித்தேன். பெரியவர் ஒருவர் வலது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். இடப்பக்கம் தாராளமாக இடம் இருந்தது. மணிச் சத்தம் கேட்டு அவர் இடப்பக்கமாகத் திரும்பிப் பார்க்க, தோளோடு இடது காலும் நகர்ந்து, நான் போகவிருந்த இடத்திலேயே வந்து நின்றுவிட்டார். பிரேக்கை அழுத்திக் காலை ஊன்றியபோது முன்சக்கரத்துக்கும் அவர் செருப்புக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. தவறு முழுவதும் என்னுடையது.

இருபது மீட்டர் தொலைவிலேயே ஒருமுறை மணி அடித்து, உடனே வேகத்தைக் குறைத்து, நடைவேகத்தில் கடப்பதே முறை. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகக் குறைகிறது. முன்னால் போகிறவர் திரும்பவில்லை என்றால், அவருக்குக் காது கேளாமலும் இருக்கலாம் என்பதால், விடாமல் மணி அடிப்பதை விட்டு, இடம் கிடைக்கும்வரை பின்னால் மெதுவாகச் செல்ல வேண்டும். இரவில் முன்விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பாவிட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

நடப்பவர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. பாதை முழுவதையும் அடைத்து வரிசையாக நடப்பதும், பின்னால் பார்க்காமல் சட்டென்று குறுக்கே திரும்புவதும் எல்லோரும் அறிந்தவை. நீளும் நாய்க்கயிற்றின் ஆபத்தை அவ்வளவாக யாரும் எண்ணுவதில்லை: நாய் ஒரு ஓரத்திலும் அதைப் பிடித்திருப்பவர் மறு ஓரத்திலும் நிற்கையில், இடையில் இழுபட்டு நிற்கும் மெல்லிய கயிறு மிதிவண்டியில் வருபவர் கண்ணுக்கு எளிதில் படாது.

குழந்தையோடு வரும்போது இன்னும் கவனம் தேவை. எதிர் ஓரத்தில் நிற்கும் குழந்தையிடம், மிதிவண்டி வருவதைக் கண்ட பதற்றத்தில் “இங்கே வா” என்று கூவினால், அது பாதையின் குறுக்கேதான் ஓடி வரும். “அங்கேயே நில்” என்று சொல்லி, மிதிவண்டி கடந்தபின் நாம்தான் குழந்தையிடம் போக வேண்டும்.