புறாத்தீவில் ஒரு நாள்: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது புறாத்தீவு. காலையில் படகேறிப் போய், ஸ்நோர்க்கெலிங் (கண்ணாடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, முகத்தை நீரில் கவிழ்த்து மிதப்பது) செய்து முருகைக்கற்கள் எனப்படும் பவளப்பாறைகளையும் மீன்களையும் பார்த்துவிட்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம் என்பதால், பல குடும்பங்கள் இதைக் கடற்கரைக்குப் போய் வருவதைப் போலவே எண்ணிக் கிளம்பிவிடுகின்றன. ஆனால், 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்தத் தீவைச் சுற்றி, கால் எட்டும் ஆழத்திலேயே முருகைக்கற்கள் தொடங்கிவிடுகின்றன. நீந்தப் பழகாதவர்களுக்கும் அவை எட்டுவது தீவின் பெரும் சிறப்பு. அவர்களுக்கும் முருகைக்கற்களுக்கும் ஆபத்து நேர்வதும் அதனால்தான்.

பயணத்துக்கு எந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். டிசம்பர் விடுமுறையில் கிழக்குக் கரையில் வாடைக்காற்றும் மழையும் இருக்கும். கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரையே ஏற்ற பருவம். டிசம்பரில்தான் விடுப்புக் கிடைக்கும் என்பவர்கள், அப்போது அமைதியாக இருக்கும் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவைக்குப் போவது நல்லது. அங்கும் ஒரு கடல் தேசியப் பூங்கா உண்டு. நல்ல பருவத்திலும் காற்றின் திசையைப் படகோட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரத் தண்ணீர் அலையின்றி அமைதியாகத் தோன்றினாலும், குனிந்த தலையோடு மிதப்பவரை அது மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும்.

படகுக் கூலி வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு என்பதைப் பேரம் பேசும் முன்பே நினைவில் வையுங்கள். தீவில் கடையை நம்பிப் போகாமல், குடிநீரைக் கையோடு கொண்டுபோவது அவசியம்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவதைச் சொல்கிறேன்: கண்ணையும் மூக்கையும் மூடும் நீர்க்கண்ணாடியைக் கரையில் சரிபார்க்காமல் தண்ணீரில் இறங்குவது. வாடகைக்குத் தரும் கண்ணாடிகளில் கைக்கு வந்ததை வாங்கிக் குழந்தையின் தலையில் மாட்டி, நீர் புகக்கூடாது என்று பட்டையை இறுக்குகிறோம். அளவு பொருந்தாத கண்ணாடியை இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் அதிகமாகத்தான் நீர் புகும். பட்டையைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்துப் பாருங்கள்; கையை எடுத்த பின்பும் அது முகத்தோடு ஒட்டி நின்றால் பொருந்துகிறது என்று பொருள். விளிம்புக்குள் ஒரு முடிக்கற்றை சிக்கியிருந்தாலும் நீர் கசியும். அப்பாக்களின் அடர்ந்த மீசையும் அதே வேலையைச் செய்யும். உள்பக்கம் ஆவி படியாமலிருக்க எச்சிலைத் தடவி ஒருமுறை அலசினால் போதும். பிறகு, மணல் தரையில் இடுப்பளவு நீரில் நின்றபடியே, முகத்தை மட்டும் அமிழ்த்தி வாயால் நிதானமாக மூச்சுவிடவும், குழாய்க்குள் நீர் புகுந்தால் பலமாக ஊதி வெளியேற்றவும் குழந்தைக்குப் பழக்குங்கள். படகுக்காரர் அவசரப்படுத்தினாலும் இதைக் குறைக்க வேண்டாம்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கண்ணாடிக்குள் நீர் புகுந்ததும் பதற்றம் வருகிறது. பதறியவர் உடனே எழுந்து நிற்கப் பார்க்கிறார். நிற்கக் கிடைப்பதோ முருகைக்கல். பார்வைக்குக் கல்லாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு முழுவதும் சிறு உயிர்களின் கூட்டம். உருண்டைப் பாறைகளாக வளரும் வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. ஒரு நொடி ஊன்றிய கால் பல ஆண்டு வளர்ச்சியை நசுக்கிவிடும். கிளைகளாக வளரும் வகையோ மிதித்தால் ஒடிந்துவிடும், மிதித்த காலையும் கிழித்துவிடும். அருகில், உடலெங்கும் கூர்முள் கொண்ட கடல் முள்ளெலி இருந்தால் துன்பம் இரட்டிப்பாகும். ஆகவே, பதற்றம் வந்தால் மல்லாந்து மிதக்க வேண்டும் என்பதைக் கரையிலேயே சொல்லிக்கொடுங்கள். நீந்தத் தெரிந்த பெரியவர்களும் லைஃப் ஜாக்கெட் அணிவதில் குறைவொன்றுமில்லை. அது நிற்கும் தேவையையே இல்லாமல் செய்கிறது. குழந்தையின் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறிவந்தால் அது அந்தக் குழந்தைக்கான அளவல்ல.

கரையில் அமர்ந்து கண்காணித்தால் போதும் என்று நினைப்பதும் ஆபத்தான தவறு. ஸ்நோர்க்கெலிங் செய்பவர் குப்புறக் கிடந்து அசையாமல் மிதப்பது வழக்கம். மூச்சுத் திணறி நினைவிழந்தவரும் தொலைவிலிருந்து பார்க்க அப்படித்தான் தெரிவார். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கூவி அழைப்பதுமில்லை. எனவே, ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். நான்கு குழந்தைகளை இரண்டு பெரியவர்கள் அழைத்துப் போனால், முறைவைத்து இரண்டிரண்டு பேராக இறக்குங்கள். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள தாத்தா பாட்டிமார் மருத்துவரிடம் கேட்ட பிறகே இறங்குவது நல்லது.

இந்தத் தீவின் ஆழமற்ற நீரில் கருமுனைச் சுறாக்கள் உலவுகின்றன. கூச்ச சுபாவம் உள்ள அவை மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் அலறிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அதுவே அன்றைய நாளின் பெரிய பரிசாகிவிடும். படத்துக்காக அவற்றைத் துரத்துவதும், மீன்களுக்குப் பாண் துண்டுகளைப் போடுவதும் வேண்டாம்.

முகத்தைக் கவிழ்த்து மிதப்பதால் வெயில் முழுவதும் பிடரியிலும் முதுகிலும் முழங்காலின் பின்புறத்திலும் விழும். முருகைக்கற்களுக்குத் தீங்கு செய்யும் என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்பனைக்குத் தடை விதித்த ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை கலந்த சன்ஸ்கிரீனைப் பூசுவதைவிட, முழுக்கை நீச்சல் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிவது எவ்வளவோ மேல்.

தீவின் கரையில் உடைந்து ஒதுங்கிய முருகைக்கல் துண்டுகள் நிறையக் கிடக்கும். அவற்றில் ஒன்றையும் எடுத்து வராதீர்கள். தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம். அவற்றின் மேல் வெறுங்காலோடு நடப்பது வலிக்கும் என்பதால் நீருக்கேற்ற காலணி தேவை. எங்காவது கீறல் பட்டுவிட்டால், சிறியதுதானே என்று விட்டுவிடாமல், நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு உள்ளே தங்கிய துகள் போகும்வரை கழுவி மருந்திடுங்கள். முருகைக்கல் கீறிய புண் எளிதில் ஆறாது, சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.