டெக்சாஸ் பிரிந்த கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது சொல்லிவிடுவார்கள்: “அது தனி நாடாக இருந்து அமெரிக்காவில் சேர்ந்தது. வேண்டுமென்றால் பிரிந்து போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.” முதல் பாதி சரி. மெக்சிகோவிடமிருந்து பிரிந்து 1836 முதல் அது தனிக் குடியரசாகத்தான் இருந்தது. இரண்டாம் பாதிக்கு ஆதாரமே கிடையாது. 1844-இல் கொண்டுவந்த இணைப்பு ஒப்பந்தம் செனட்டில் தோற்றுப்போனது. மறுவருடம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 1845 டிசம்பர் 29 அன்று டெக்சாஸ் 28-ஆவது மாநிலமானது. டெக்சாஸ் சம்மதித்தால் அதன் நிலத்திலிருந்து இன்னும் நான்கு மாநிலங்கள் வரை உருவாக்கலாம் என்று அந்தத் தீர்மானம் சொல்கிறது. இதைத்தான் பலர் பிரியும் உரிமையோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த தவறு இன்னும் பெரியது: 1861-இல் டெக்சாஸ் அமெரிக்காவிலிருந்து பிரிந்ததைப் பற்றி “மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது. காரணத்தை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1861 பிப்ரவரி 1 அன்று, பிரிவதா என்று முடிவுசெய்யக் கூடிய டெக்சாஸ் மாநாடு 166-க்கு 8 என்று பிரிவினைக்கு வாக்களித்தது. மறுநாள் காரணங்களை அடுக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லையில் பாதுகாப்பு இல்லை என்ற புகாரும் அதில் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அடிமை முறையைப் பற்றியது. தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்று அது குமுறுகிறது. அதாவது, வட மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி சட்டம் போட்டதுதான் இவர்களுக்குக் குற்றமாகப் பட்டது! வெள்ளையர்கள் தங்களுக்காகவே அமைத்துக்கொண்ட அரசுகள் இவை என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. 1860 கணக்கெடுப்பில் டெக்சாஸில் 1,82,566 பேர் அடிமைகள். பத்தில் மூன்று பேர். இந்த மூன்று பேரை விட்டுவிட்டு எழுதும் எந்த விளக்கமும் முழுமையாகாது.

“டெக்சாஸ் மக்கள் எல்லாரும் பிரியத்தான் விரும்பினார்கள்” என்பதும் சரியில்லை. அந்த அடிமைகளை யாரும் கேட்கவே இல்லை. பிப்ரவரி 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் ஆதரவு 46,153, எதிர்ப்பு 14,747. வாக்களித்த 122 மாவட்டங்களில் 18-இல் எதிர்ப்பே ஜெயித்தது. ஜெர்மானியர்கள் குடியேறியிருந்த கில்லெஸ்பி அதில் ஒன்று.

ஆளுநர் சாம் ஹூஸ்டனும் பிரிவினையை எதிர்த்தார். மார்ச் 16 அன்று, பிரிந்த தென் மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் வரவே இல்லை. பதவி பறிபோனது. ராணுவ உதவி தருவதாக அமெரிக்க அதிபர் லிங்கன் சொன்னபோதும், ரத்தம் சிந்தி அந்த நாற்காலியில் உட்கார அவர் விரும்பவில்லை. எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு. அதற்காக அவரை அடிமை ஒழிப்பு வீரராக்கிவிடக் கூடாது. அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள்.

அப்புறம், வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்து 1870-இல்தான் டெக்சாஸ் “மறுபடியும் மாநிலமானது” என்று எழுதுகிறார்கள். அந்த வருடம் மார்ச் 30 அன்று கிடைத்தது நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் மட்டுமே. அது மாநிலமாக இல்லாமல் போகவே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1869-லேயே தீர்ப்பளித்துவிட்டது. டெக்சாஸுக்கும் வொயிட் என்பவருக்கும் இடையே கடன் பத்திரங்களுக்காக நடந்த வழக்கு அது. தன்னிச்சையாகப் பிரிந்தது செல்லாது என்பதே நீதிமன்றத்தின் முடிவு.

அடிமைகளின் விடுதலையைக் கொண்டாடும் ஜூன் 19 விழாவைப் பற்றி எழுதும்போதும் கவனம் தேவை. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே நடைமுறைக்கு வந்தது. செய்தி மெதுவாக வந்ததால்தான் டெக்சாஸில் விடுதலை இரண்டரை வருடம் தாமதம் என்பது பாதிக் கதை. முதலாளிகளைக் கட்டாயப்படுத்த அங்கே ஒன்றியப் படை, அதாவது அமெரிக்க அரசின் படை, இல்லை. பக்கத்து மாநிலங்களிலிருந்து அடிமைகளை டெக்சாஸுக்கே ஓட்டிவந்து பதுக்கினார்கள். 1865 ஜூன் 19 அன்று தளபதி கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் வெளியிட்ட ஆணையை முழுவதும் படியுங்கள். எல்லா அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று தொடங்கும் அது, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யும்படியும் அவர்களுக்குச் சொல்கிறது.