வன்னிக்குத் திரும்புவதா, வெளிநாட்டிலேயே இருப்பதா: முடிவெடுக்கும் ஒழுங்கு

வெளிநாட்டில் வாழ்கிறவர், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்குத் திரும்புவதைப் பற்றி "இருப்பதா, போவதா" என்று நேராகக் கேட்டுக்கொண்டிருந்தால் விடை வராது. மனம் ஒருநாள் ஊர்ப்பக்கம் நிற்கும், அடுத்தநாள் பிள்ளைகள் பக்கம் சாயும். முதலில் கேட்கவேண்டியது வேறு: எதைச் செய்தால் திரும்பி எடுக்கமுடியாது? அப்படியானவை நாலைந்துதான். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, பிழைத்தாலும் திருத்தக்கூடியவற்றை முதலில் செய்து பார்க்கவேண்டும்.

விசாக் கணக்கு

எத்தனை நாள் வெளியே நிற்கலாம் என்று எழுதி வையுங்கள். சுவிஸின் சி வகை (நிரந்தர) வதிவிட அனுமதி ஆறு மாதம் வெளியே நின்றால் இல்லாமற்போகும். அந்த ஆறு மாதம் முடிவதற்குள் விண்ணப்பித்தால் நான்கு வருடம்வரை பிடித்துவைக்கலாம். ஜேர்மனியின் நிரந்தர வதிவிடத்துக்கும் பொதுவாக ஆறு மாதம்தான். பிரித்தானியாவில் தொடர்ச்சியாக இரண்டு வருடம். கனடாவில் ஐந்து வருடத்தில் 730 நாள் உள்ளே நின்றிருக்கவேண்டும். குடியுரிமை எடுத்தவருக்கு இந்தக் கவலை இல்லை.

அகதி அந்தஸ்தோடு இருப்பவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்தாலோ ஊருக்குப் போய்வந்தாலோ, 1951 அகதிகள் சாசனத்தின்படி அவருக்குப் பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அந்த நாடு முடிவெடுக்க இடமுண்டு. "செத்தவீட்டுக்கு ஒருக்கா" என்றாலும் முதலில் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும்.

இலங்கைப் பக்கம்: வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை போய்விடும். எடுக்கப்போகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து அதைத் தக்கவைக்கலாம். ஏற்கெனவே எடுத்தவர் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மாதக்கணக்கில் இழுபடும் வேலை இது. பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, பொலிஸ் அறிக்கை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமான விண்ணப்பங்கள் அங்கேதான் சிக்குகின்றன. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பு ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதியப்படாமல் விடுபட்டிருந்தால் அதையும் இப்போதே கிளறுங்கள்.

ஐந்து மாதம் இருந்து பார்த்தல்

ஓகஸ்ட் லீவில் மூன்று கிழமை வந்து, கோயில் திருவிழாவும் விருந்தும் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு பாதிதான் சரிவரும். செப்டெம்பர் நடுவில் வந்து பெப்ரவரி நடுவரை நில்லுங்கள். மேலே சொன்ன ஆறு மாத எல்லைக்குள் இது அடங்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 153 நாள் உள்ளே நின்றால் போதும் என்பதால் அதுவும் தப்பும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர் சுற்றுலா விசாவை இடையில் நீடிக்கவேண்டும்.

ஏன் அந்த மாதங்கள்? செப்டெம்பரில் கிணறு ஆக அடியில் கிடக்கும். அந்த நேரம் காணும் தண்ணீர்தான் உங்கள் வளவின் உண்மையான தண்ணீர். பிறகு பெரும்போக (மழைக்கால நெல்) விதைப்பு, கார்த்திகை மழை, வெள்ளம், நுளம்பு, தையோடு வெட்டு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியின் எந்த ஒழுங்கைகள் மூழ்கின என்று அயலில் கேளுங்கள், கையைக் காட்டியே சொல்வார்கள். வீட்டு நிலமட்டத்தை அதற்குமேல் வையுங்கள்.

இந்தக் காலத்தில் விருந்தாளியாக நிற்கவேண்டாம். வாடகைக்கு ஒரு வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், சந்தைக்கும் கூப்பன் கடைக்கும் நீங்களே போய்வருவது. உறவினர் வீட்டில் சமைத்துப் போட்டால் மாதச் செலவு எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது.

காணி

வன்னியில் திரும்பி வருகிறவர்களை விழுத்துவது பெரும்பாலும் இதுதான். காணி வாங்கு முன்னும், இருக்கும் காணியில் கல் அரியு முன்னும், அது உறுதிக் காணியா (தனியார் உரித்துள்ளது) பெர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்று பிரித்தறியுங்கள். வட்டக்கச்சி, உருத்திரபுரம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டப் பகுதிகளில் பெரும்பாலானவை காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிட்டோ அளிப்போ கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. முத்திரையில் எழுதிக் கையெழுத்து வைத்த "விற்பனை" சட்டத்தின் முன் வெறும் கடுதாசி. விலை மலிவு என்றால் காரணம் அநேகமாக அதுதான்.

உங்கள் பெற்றோரின் பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் பின்னுரித்தாளராக (உரித்தாளருக்குப் பின் காணி சேரவேண்டியவராக) யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர் போடப்பட்டவரும், உரித்தாளர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணிக்குள் ஆட்சிக்கு வராவிட்டால் உரிமையை இழக்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகனின் பெயரைப் பாசத்தில் போட்டு வைத்த குடும்பங்கள் பல இதில் மாட்டிக்கொள்கின்றன. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஊரில் நிற்கும் பிள்ளையின் பெயருக்கு மாற்றுவது நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு இப்படியான பெர்மிட் காணியில் இடமில்லை.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் தோம்பு (பதிவேட்டுப் பிரதி) எடுத்து, குறைந்தது முப்பது வருடக் கைமாற்றம் முறியாமல் வருகிறதா என்று நொத்தாரிசைக் கொண்டு பார்ப்பியுங்கள். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு விலக்கு உண்டு. நெருங்கிய உறவு வழியில் முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. ஆகவே இரட்டைக் குடியுரிமை முதல், காணி பிறகு. பரப்புக் கணக்கிலும் கவனம்: குடியிருப்புக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர், நெல்வயலில் 24 பரப்பு. யாழ்ப்பாணத்தார் பரப்பில் விலை பேசினால் எந்தப் பரப்பு என்று கேளுங்கள்.

அடுத்தது நிலத்தில் இறங்கிப் பார்க்கும் வேலை. இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை மண்டிய வளவுகளும் வயல்களும் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள் போயிருக்கின்றன. கல் எங்கே நிற்கிறது என்பதை நில அளவையாளரோடு போய்ப் பாருங்கள். பழைய வரைபடத்தை மட்டும் நம்பவேண்டாம். பச்சிலைப்பள்ளிப் பக்கம், குறிப்பாக முகமாலையை அண்டி, கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த துண்டுதானா என்பதை கிராம சேவையாளரிடம் உறுதிப்படுத்து முன் பற்றைக்குள் கால் வைக்கவேண்டாம், தீயும் மூட்டவேண்டாம்.

தனியார் காணியில் பத்து வருடம் எதிரிடையாக (உரிமையாளரின் உரித்தை ஏற்காமல்) ஆட்சி செய்தவர் உரித்துக் கோரலாம். வளவைப் பார்க்க இருத்தியவரிடம் "உங்கள் அனுமதியோடு இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரரிடம் கடுதாசி கேட்பது அந்தரம்தான். வழக்கு அதைவிட அந்தரம். அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் வேலையைக் குறித்துக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைப் பொதுவாக எழுதிவிட்டால் காணி போனபிறகுதான் தெரியவரும்.

தண்ணீரும் வைத்தியமும்

கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் சோதிப்பியுங்கள். புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, மொத்தக் கடினம் 250 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இலங்கைத் தரம். வன்னிக் கிணறுகள் பல இதைத் தாண்டும். பூநகரிப் பக்கம் உவர் வேறு. வவுனியா, முல்லைத்தீவில் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிறது, ஆகையால் "சின்னனில் குடித்த தண்ணீர்தானே" என்று விடவேண்டாம். வடிகட்டிய தண்ணீருக்கு மாதச் செலவில் ஒரு வரி போடுங்கள்.

நீரிழிவு, அழுத்தம் போன்றவற்றுக்கு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா ஆஸ்பத்திரிகள் போதும். இருதயம் என்றால் யாழ் போதனா, புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். முல்லைத்தீவுக் கரையிலிருந்து அதற்கும் தூரம். இரவு இரண்டு மணிக்கு வாகனம் யார் எடுப்பார் என்பதற்குப் பெயர் சொல்லமுடியாவிட்டால், இருதய நோய் உள்ளவர் காட்டோரக் காணியை விட்டு ஏ9 வீதிக்குக் கிட்ட இருப்பதே மேல்.

காசு

எந்தப் பென்சன் கூடவரும் என்று பாருங்கள். கனடாவின் முதியோர் பென்சன் தொடர்ந்து வெளிநாட்டுக்கு வர, 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் அங்கே வாழ்ந்திருக்கவேண்டும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்தோடு நிற்கும். பிரித்தானிய அரச பென்சன் இலங்கைக்கு வரும், ஆனால் வருடாவருட உயர்வு வராது. சுவிஸில் குடியுரிமை எடுக்காத இலங்கையருக்கு முதியோர் பென்சன் வெளிநாட்டில் கிடையாது. நிரந்தரமாக வெளியேறும்போது கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்கலாம், எடுத்தால் உரிமை முடிந்தது.

முழுச் சேமிப்பையும் ரூபாயாக்கவேண்டாம். 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்கு ஏறியது. வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்து, தேவைக்கு மாற்றுங்கள். காணி, தொழிலுக்குக் கொண்டுவரும் பணம் வங்கியின் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியே வந்தால்தான் பின்னர் விற்ற காசைச் சட்டப்படி வெளியே எடுக்கலாம்.

தோட்டத்தை நம்பி வருகிறவர்களுக்கு: தென்னை 26 அடிக்கு 26 அடி வைத்தால் ஏக்கருக்கு 64 கன்று. காய்க்க ஐந்தாறு வருடம், முதல் இரண்டு மூன்று கோடையும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பிறகு குரங்கு, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையும். சிறுபோக (கோடைகால நெல்) வயலுக்கு குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் வருடாவருடம் தீர்மானிக்கும். ஆகவே முதல் ஐந்து வருடத்துக்குத் தோட்ட வருமானத்தைச் சைபர் என்று போட்டுக் கணக்குப் பாருங்கள். அப்படியும் தாங்கினால் சரி.

பிள்ளைகள்

பத்து வயதுக்குக் கீழ் என்றால் தமிழ்மொழிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பதின்மூன்று தாண்டினால் எழுத்துத் தமிழில் சாதாரண தரச் சோதனை எடுப்பது பெரும் சுமை. படிப்பு முடியும்வரை பொறுப்பதே எங்கள் அபிப்பிராயம்.

ஒழுங்கு

இரட்டைக் குடியுரிமை விண்ணப்பம், ஐந்து மாதம், காணிப் பத்திரம், தண்ணீர்ச் சோதனை. இவை நாலும் முடிந்தபிறகு வீடு கட்டலாம். வெளிநாட்டு வீட்டை அதுவரை வாடகைக்கு விடுங்கள், விற்கவேண்டாம். திரும்பிப் போகும் ரிக்கற்றும் அங்கே ஆறு மாத வாடகையும் தனிக் கணக்கில் கிடக்கட்டும். சுவிஸ் பென்சன் பணத்தைக் கையில் எடுப்பதும், வதிவிட அனுமதியை ஒப்படைப்பதும் இரண்டாவது கார்த்திகை மழையும் ஊரில் கழிந்தபிறகு செய்யும் வேலை.