பேரிடருக்குப் பின் வரும் புள்ளிவிவரங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயலோ நிலநடுக்கமோ ஓய்ந்த மறுநாளே எல்லாரும் கேட்பது எண்ணைத்தான். அந்த அவசரத்தில் நடக்கிற முதல் தவறு, தகவல் வராத இடத்தில் பூஜ்யம் போடுவது. ஒரு வட்டாரத்திலிருந்து அறிக்கை வரவில்லை என்றால் அங்கே சேதமே இல்லை என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் போனும் ரோடும் போயிருக்கும், அறிக்கை அனுப்ப வேண்டியவரே முகாமில் இருப்பார். கட்டத்தைக் காலியாக விடுங்கள். எத்தனை வட்டாரங்கள் சேரவில்லை என்பதை மொத்தத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இறப்புக் கணக்கில்தான் இது ரொம்ப வலிக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கிய, அமெரிக்காவைச் சேர்ந்த கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் அரசுக் கணக்கு 64 பேர் என்றே பல மாதம் நின்றது. மறு ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, வழக்கமாக நடக்கும் இறப்புகளைவிட எவ்வளவு கூடியது என்று பார்த்து 2,975 என்று மதிப்பிட்டது, அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இடிபாட்டில் சிக்கியவர் மட்டும்தான் புயலில் இறந்தவரா? மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் நின்றுபோய் இறந்தவரின் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் இருந்தால், அவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். அதனால் சான்றிதழ்வழி எண்ணிக்கையையும் கூடுதல் இறப்பு மதிப்பீட்டையும் தனித்தனியாக வெளியிட வேண்டும்.

அப்புறம் வேலை நிலவரம் கேட்கும் மாதாந்திர சர்வேக்கள். கணக்கெடுப்பாளர் இடிந்த வீட்டு வாசலில் நின்று ‘ஆள் இல்லை’ என்று குறித்துவிட்டுப் போகிறார். அலுவலகத்தில் அந்த இடைவெளியை, பதில் சொன்னவர்களின் எடையைக் கூட்டி, அதாவது ஒருவரின் பதிலை இன்னும் அதிகம் பேருக்கான பதிலாக எண்ணி, நிரப்புகிறார்கள். பதில் சொன்னவர்களோ வீடும் வேலையும் தப்பியவர்கள்! வேலையின்மை குறைவாகத் தெரியாமல் என்ன செய்யும்? 2011 சுனாமிக்குப் பின் ஜப்பான் தன் தொழிலாளர் சர்வே முடிவுகளை பாதிக்கப்பட்ட இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மாகாணங்கள் மூன்றும் நீங்கலாக என்று சொல்லியே சில மாதங்கள் வெளியிட்டது. அதுதான் நேர்மை. நியூசிலாந்து 2011 மார்ச் 8-ல் எடுக்கவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பின் கைவிட்டு, 2013-ல்தான் எடுத்தது.

மறுகட்டுமானத்தால் ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) ஏறினால் அதைச் செழிப்பாகக் காட்டாதீர்கள். புதுப் பாலம் உற்பத்தியில் சேரும், அடித்துப்போன பழைய பாலம் அதில் கழியாது, அந்த இழப்பு சொத்துக் கணக்கில்தான் பதிவாகும். இரண்டையும் ஒரே அறிக்கையில் வையுங்கள். எண் பின்னால் மாறினால் பழையதை அழித்துவிடாமல், தேதியோடும் மாறிய காரணத்தோடும் பக்கத்திலேயே விடுங்கள்.