மெமோ கொடுத்தால் தவறு குறையாது: வார்டில் தவிர்க்க வேண்டியவை

இரவு டியூட்டியில் இருந்த செவிலியர் ஒருவர், டிஸ்டில்டு வாட்டர் என்று நினைத்துப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை உடைத்துவிட்டார். இரண்டும் 10 மி.லி., இரண்டும் பார்வைக்குத் தண்ணீர், இரண்டும் ஒரே தட்டில் கிடந்தன. ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்கும் முன் லேபிளை இன்னொரு முறை படித்ததால் தப்பித்தோம். அது நேரடியாக இரத்தக் குழாயில் ஏறியிருந்தால் நோயாளியின் இதயம் நின்றிருக்கும். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. அந்தப் பெண் தானாகவே போய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னார். மறுநாள் அவர் கைக்கு மெமோ வந்தது. ஆம்பூல்கள் அதே தட்டில்தான் இருந்தன.

நம் வார்டுகளில் நடக்கும் தவறுகளில், உண்மையைச் சொன்னவருக்கே மெமோ கொடுப்பதைத்தான் முதலாவதாகச் சொல்வேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த வார்டிலிருந்து ஒரு சம்பவ அறிக்கைகூடப் போகவில்லை. நிர்வாகம் மகிழ்ந்தது, எனக்கு அச்சமாக இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைப் பிரிவுகளில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில் இருந்தவர்கள் பிழைகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே காரணம். ஆகவே, "இந்த மாதம் ஒரு சம்பவமும் இல்லை" என்று பதிவேட்டில் எழுதியிருந்தால் உடனே பாராட்டிவிடாதீர்கள். செய்யாத பரிசோதனையைச் செய்ததாக எழுதுபவர் மீதும், குடித்துவிட்டுப் பணிக்கு வருபவர் மீதும் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆம்பூல்களில் ஏமாந்தவருக்குத் தேவை மெமோ அன்று. அடர் பொட்டாசியத்தை வார்டின் பொது இருப்பிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஐ.சி.யூ. போன்ற இடங்களில் வைத்தே ஆக வேண்டுமென்றால் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது, "டாக்டருக்குத் தெரியாததா?" என்ற மனநிலை. 2005இல் இங்கிலாந்தில் சைனஸ் அறுவை சிகிச்சைக்காக ஒரு பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாயைச் செலுத்துவதிலேயே மும்முரமாக இருந்தார்கள்; நேரம் போவதை உணரவில்லை. தொண்டையில் துளையிடுவதற்கான கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்து காட்டினார். இன்னொருவர் ஐ.சி.யூ.வில் படுக்கை கேட்டுத் தொலைபேசியில் பேசிவிட்டு, மருத்துவர்களின் முகக்குறிப்பைப் பார்த்து அதை ரத்து செய்தார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 583 பேர் இறந்த விமான விபத்துக்குப் பின், கேப்டனைக் கேள்வி கேட்கத் துணை விமானிக்குப் பயிற்சி தரும் வழக்கத்தை விமானத் துறை வளர்த்துக்கொண்டது. அதே பயிற்சி மருத்துவமனைகளுக்கும் வேண்டும் என்று அவர் தொடர்ந்து பேசிவருகிறார்.

பயிற்சி வகுப்பில் "தயங்காமல் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதும் தவறுதான். பேசுபவருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர், இரத்தக் குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போடும்போது செய்ய வேண்டிய ஐந்து செயல்களை வகுத்தார்கள். கை கழுவுவதில் தொடங்கி, தேவையற்ற கதீட்டரை எடுத்துவிடுவதுவரை எல்லாம் தெரிந்த விஷயங்களே. ஆனால் ஒரு படி விடுபட்டால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் உரிமை செவிலியருக்கு இருந்தது. 1,000 கதீட்டர் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதங்களில் பூஜ்யமானது. நம் வார்டில் இதைத் தொடங்க ஒரு வாக்கியம் போதும்: "சார், ஒரு நிமிடம், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது." அந்தச் சந்தேகம் தவறாகவே இருந்தாலும், "கேட்டது நல்லது, சிஸ்டர்" என்று மருத்துவர் சொல்ல வேண்டும். முதல் முறை எரிந்து விழுந்தால் இரண்டாம் முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

டியூட்டி மாற்றும்போது நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடியே நினைவிலிருந்து ஒப்பிக்காதீர்கள். படுக்கைக்குப் போய், டிரிப்பையும் வடிகுழாயையும் கேஸ் ஷீட்டையும் சேர்த்துப் பார்த்து ஒப்படையுங்கள். தொலைபேசியில் மருந்தளவு சொன்னால் "சரி சார்" என்று வைத்துவிடக் கூடாது. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதில் ஒன்றாகவே விழும். "ஒன்று, ஐந்து, பதினைந்து மி.கி." என்று திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உண்டு. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எல்லாரும் நின்று, உரக்கப் படித்து, பதில் சொல்வதற்கான பட்டியல் அது. அறுவை முடிந்தபின் மொத்தமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டால், அதில் ஒரு பயனும் இல்லை.

கடைசியாக, நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் உறவினரை ஒதுக்காதீர்கள். "நேற்று வெள்ளை மாத்திரை கொடுத்தீர்கள், இன்று மஞ்சளாக இருக்கிறதே, சிஸ்டர்?" என்று ஒரு அம்மா கேட்டால், "எங்களுக்குத் தெரியாதா?" என்பதே வழக்கமான பதில். அந்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கேஸ் ஷீட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மருந்துக் கம்பெனிதான் மாறியிருக்கும். என்றாவது ஒரு நாள் அது பக்கத்துப் படுக்கைக்காரரின் மாத்திரையாக இருக்கும்.